பெண்களின் சலக் கோளாறுகள்: கண்டறிதல் எங்கே தொடங்க வேண்டும்?

மூதூர்ப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்குச் சலக்கடுப்பு வந்தால் முதலில் நடப்பது வீட்டு வைத்தியம். உடம்பில் சூடு கூடிவிட்டது என்று இளநீர் வெட்டிக் கொடுப்பார்கள், வெந்தயம் ஊறப்போடுவார்கள், பார்லி அவிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் பார்மசியில் நாலு குளிசை. எரிவு அடங்கும். அடுத்த மாதம் மறுபடியும் வரும், மறுபடியும் அதே குளிசை. இருமும்போது சலம் சிந்துவதும், மலசலகூடத்துக்குப் போய்ச் சேருமுன் உடுப்பு நனைவதும், இரவில் நாலு தடவை எழும்புவதும் வருத்தமாகவே கணக்கில் வருவதில்லை. பிள்ளை பெற்ற உடம்பு, வயது போனால் அப்படித்தான் என்று வீட்டிலும் சொல்வார்கள், அவளும் நம்பிவிடுவாள்.

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூர்ப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள கட்டைபறிச்சானை மனதில் வைத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். அருகே சேனையூர், சம்பூர், கடற்கரைச்சேனை. வயலும் களப்பும் கடலும் சேர்ந்த பிழைப்பு. மூதூரில் ஆதார வைத்தியசாலை உண்டு. பெரிய பரிசோதனை என்றால் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலை. முன்பு அதற்கு லோஞ்ச் பிடிக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலமும் 2011இல் மட்டக்களப்பு வீதியின் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு பஸ்ஸில் போகலாம். ஆனால் சலத்தை அரை மணி நேரம் அடக்க முடியாத பெண்ணுக்கு அந்தப் பஸ் பயணமே பெரிய தடை. ஆகவே இங்கே நோயறிதல் பற்றிய கேள்வி இரண்டாகப் பிரிகிறது: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், அதில் எவ்வளவை ஊருக்குப் பக்கத்திலேயே செய்து முடிக்கலாம். கடந்த பதினைந்து ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் விடை நம்பிக்கை தருகிறது. பெரும்பாலான பெண்களுக்கு நோயறிதலின் முக்கால்வாசி வேலை கேள்வியாலும் கொப்பியாலும் எளிய பரிசோதனையாலும் முடியும். பெரிய கருவி தேவைப்படுபவர்கள் சிலரே, அவர்களைப் பிரித்தறியும் வழியும் உண்டு.

ஒரே முறைப்பாடு, பல நோய்கள்

“அடிக்கடி சலம் போகுது” என்ற ஒரு முறைப்பாட்டின் பின்னால் குறைந்தது எட்டுப் பத்துக் காரணங்கள் நிற்கலாம். கிருமித்தொற்று அதில் ஒன்று மட்டுமே. சலப்பையின் தசை நிரம்புமுன்னே தானாகச் சுருங்கலாம். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்து சலவழியின் தோல் மெலிந்து எரியலாம். கர்ப்பப்பை இறங்கிச் சலவழியை மடக்கி, பை முழுதாக வெறுமையாகாமல் இருக்கலாம். சீனி வருத்தத்தால் சலமே அளவுக்கு மேல் ஊறலாம். கல், காசநோய், புற்றுநோய், நரம்புக் கோளாறு, நீண்டகாலச் சலப்பை வலி, குடிக்கும் மருந்து என்று பட்டியல் நீளும்.

சர்வதேச அடக்கமின்மைச் சங்கம் 2002இல் சொற்களை ஒழுங்குபடுத்தியபோது அறிகுறியையும் நோயையும் தெளிவாகப் பிரித்தது. தள்ளிப்போட முடியாத திடீர் அவசரம், பெரும்பாலும் அடிக்கடி போவதும் இரவில் எழும்புவதும் சேர்ந்து வந்தால் அது ‘மிகைச் செயற்பாட்டுச் சலப்பை’. ஆனால் தொற்றும் வேறு வெளிப்படையான நோயும் இல்லை என்று பார்த்த பிறகே அந்தப் பெயரைச் சூட்டலாம். இருமல், தும்மல், தண்ணீர்க்குடம் தூக்குதல் ஆகியவற்றோடு சிந்துவது அழுத்தக் கசிவு. அவசரத்தோடு சிந்துவது அவசரக் கசிவு. இரண்டும் சேர்ந்து வருவது கலப்பு வகை. இந்தப் பிரிப்பு முக்கியம், ஏனென்றால் சிகிச்சையும் அதன்படி பிரிகிறது. அழுத்தக் கசிவுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும், போதாவிட்டால் சத்திரசிகிச்சையும். அவசரத்துக்குச் சலப்பைப் பயிற்சியும் மருந்தும். தொற்றுக்கு மட்டுமே நுண்ணுயிர்க்கொல்லி.

எரிவும் கிருமியும்

தொற்றைக் கண்டறிவதில்தான் அதிகம் தவறு நடக்கிறது, இரண்டு பக்கமும் நடக்கிறது. இல்லாத தொற்றுக்கு மருந்து கொடுக்கப்படுகிறது. இருக்கும் தொற்று ‘ரிப்போட் நோர்மல்’ என்று திருப்பி அனுப்பப்படுகிறது.

1956இல் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ், ஒரு மில்லிலீற்றர் சலத்தில் ஓர் இலட்சம் கிருமிக்கு மேல் வளர்ந்தால்தான் உண்மைத் தொற்று என்று ஓர் எல்லையை வகுத்தார். சிறுநீரகத் தொற்றுள்ள பெண்களையும் அறிகுறியே இல்லாத பெண்களையும் ஒப்பிட்டு வந்த எல்லை அது. ஆய்வுகூடங்கள் அதை எல்லாருக்கும் பொருத்தின. 1982இல் வால்ட்டர் ஸ்டாமின் குழு, கடுமையான சலக்கடுப்புள்ள பெண்களில் நூறு கிருமி இருந்தாலே தொற்றாக இருக்கலாம் என்று காட்டியது. 2013இல் தோமஸ் ஹூட்டன் குழுவினர் ஒரே பெண்ணின் நடுத்தாரைச் சலத்தையும் குழாய்வழி எடுத்த சலத்தையும் ஒப்பிட்டனர். ஈ.கோலி குறைந்த அளவில் வந்தாலும் அது பெரும்பாலும் சலப்பையிலிருந்தே வந்தது. என்டரோகொக்கஸ், பி வகை ஸ்ட்ரெப்டோகொக்கஸ் போன்றவை நடுத்தாரைச் சலத்தில் வந்தாலும் அவை சலப்பையில் இருந்தமை அரிது. எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம், எந்தக் கிருமி என்பதையும் பெண் சொல்லும் அறிகுறியையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அறிகுறியின் வலிமை பலர் நினைப்பதை விடப் பெரிது. 2002இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, எரிவும் அடிக்கடி போவதும் இருந்து, வெள்ளைபடுதலோ யோனி அரிப்போ இல்லாத பெண்ணுக்குத் தொற்று இருக்கும் சாத்தியம் 90 விழுக்காட்டுக்கு மேல். அதாவது, வெள்ளைபடுகிறதா என்ற ஒரு கேள்வி பல பரிசோதனைக்குச் சமம். அந்தக் கேள்வியைக் கேட்காததால்தான் யோனித் தொற்றுள்ள பெண்ணும் மாதவிடாய் நின்று தோல் மெலிந்த பெண்ணும் ‘சலத்தில் கிருமி’ என்று மாதக்கணக்கில் குளிசை விழுங்குகிறார்கள்.

சலத்தில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டி விலை குறைந்தது, உடனே விடை தருவது. ஆனால் அதன் வரம்பை அறிந்து பயன்படுத்த வேண்டும். நைத்திரைற்றுக் கட்டம் நிறம் மாறினால் தொற்று இருக்கும் வாய்ப்பு மிக அதிகம். மாறாவிட்டால் தொற்று இல்லை என்று சொல்ல முடியாது. கிருமி நைத்திரேற்றை நைத்திரைற்றாக மாற்றச் சலம் பைக்குள் ஏறத்தாழ நாலு மணி நேரம் தங்க வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை ஓடும் பெண்ணின் சலம் அவ்வளவு நேரம் தங்குவதில்லை. கூடிய வருத்தம் உள்ளவளிடமே பட்டி தவற விடுகிறது என்பது இதன் விளைவு. காலையில் எழுந்ததும் போகும் முதற் சலத்தைச் சோதித்தால் இந்தக் குறை பெரிதும் தீரும். பட்டிப் போத்தலின் மூடி திறந்து கிடந்தால் கரையோர ஈரக்காற்றில் பட்டிகள் கெட்டுப் பொய்ச் சாதகம் காட்டும். 65 வயதைத் தாண்டியவர்களிடம் அறிகுறி இல்லாமலே கிருமி இருப்பது சாதாரணம். அங்கே பட்டியை மட்டும் நம்பி மருந்து கொடுப்பது பிழை. அறிகுறியற்ற கிருமிக்குக் கட்டாயம் மருந்து வேண்டியவர்கள் கர்ப்பிணிகளும், சலவழியில் புண்படக்கூடிய சிகிச்சைக்குப் போகிறவர்களும்தான்.

வளர்ப்புப் பரிசோதனைக்குச் சலம் எடுப்பதும் ஒரு கலை. பலருக்கு ஒரு சின்னப் போத்தலைக் கையில் கொடுத்து அனுப்புவதோடு சரி. முன்பக்கத்தைத் தண்ணீரால் கழுவ வேண்டும். இரு விரலால் உதடுகளை விரித்து, முதலில் வரும் சலத்தை விட்டுவிட வேண்டும். தாரை ஓடும்போதே நடுப்பகுதியைப் போத்தலில் ஏந்த வேண்டும். போத்தலின் உட்புறத்தில் விரல் படக்கூடாது. கொளுக்கியற்ற கதவும் மங்கிய வெளிச்சமும் உள்ள குந்து மலசலகூடத்தில் இதைச் செய்யச் சொன்னால், கலப்படமான சலம்தான் வரும். அடுத்தது வெயில். உகந்த சூழலில் ஈ.கோலி 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்த வேகத்தில் இரண்டு மணி நேரத்தில் அது 64 மடங்கு. வீட்டில் காலையில் பிடித்த சலம் ஆட்டோவில் மூதூர் போய், கியூவில் நின்று, மதியம் ஆய்வுகூடம் ஏறினால் சில ஆயிரம் கிருமி இலட்சத்தைத் தாண்டியிருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் சேர வேண்டும், அல்லது குளிரூட்டியில் வைக்க வேண்டும். இல்லாத நோய்க்கு மருந்து தின்றால் அவளுடைய குடலில் மருந்துக்கு அடங்காத கிருமி வளரும். அடுத்த முறை உண்மையாகத் தொற்று வரும்போது அந்தக் குளிசை வேலை செய்யாது.

கேள்வித்தாளும் கொப்பியும்

தொற்று இல்லை என்று தெரிந்த பின்புதான் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. இங்கே முதற் கருவி கேள்வி. பெண்களின் சல அறிகுறிகளுக்கென்று உருவான ஐசிஐகியூ-எஃப்லூட்ஸ் என்ற கேள்வித்தாள் 12 கேள்விகள் கொண்டது. நாலு கேள்விகள் பை நிரம்புவது பற்றி, மூன்று சலம் கழிப்பது பற்றி, ஐந்து கசிவு பற்றி. ஒவ்வொன்றுக்கும், அது உங்களை எவ்வளவு வாட்டுகிறது என்று 0 முதல் 10 வரை குறிக்கும் இடமும் உண்டு. இலங்கை மருத்துவர்கள் இதைத் தமிழ் பேசும் பெண்களுக்காகத் தமிழாக்கி, சரிபார்த்து, 2017இல் வெளியிட்டார்கள். எங்கள் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே ஆய்வுத் தரத்துடன் ஒரு கருவி கையில் இருக்கிறது. அது எல்லாக் கிளினிக் மேசைக்கும் வந்து சேர வேண்டும்.

இரண்டாவது கருவி சலப்பை நாட்குறிப்பு. பள்ளிக்கூடக் கொப்பித் தாள் ஒன்று, அளவு குறித்த பிளாஸ்டிக் யக் ஒன்று, மூன்று நாட்கள். எத்தனை மணிக்கு என்ன குடித்தாள், எத்தனை மணிக்கு எத்தனை மில்லிலீற்றர் போனது, அவசரம் இருந்ததா, சிந்தியதா. இவ்வளவே. எழுதத் தெரியாத தாய்க்குப் பேத்தி எழுதிக் கொடுக்கலாம். அந்தத் தாளைப் படிக்கத் தெரிந்தவருக்கு அது பெரிய செய்தி.

பகலும் இரவும் ஒவ்வொரு தடவையும் 80, 100, 120 மில்லிலீற்றர் என்று சின்னச் சின்னதாகப் போயிருந்தால் பை நிரம்ப விடவில்லை என்று பொருள். அவசரம் இருந்தால் மிகைச் செயற்பாடு, பை நிரம்பும்போது வலித்துப் போனதும் வலி குறைந்தால் சலப்பை வலி நோய். பத்துத் தடவை போயும் ஒவ்வொரு தடவையும் 350, 400 என்று முழு அளவு இருந்தால் சலப்பையில் பிழை இல்லை, உடம்பில் சலம் அதிகம் ஊறுகிறது. உடனே சீனி பார்க்க வேண்டும், குடிக்கும் அளவையும் பார்க்க வேண்டும். பகலில் ஒழுங்காகவும் இரவில் நாள்முழுச் சலத்தின் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் போனால், முதியவரில் அது இரவுச் சலமிகை. மாலையில் கால் வீங்குகிறதா, இருதய வருத்தம் உண்டா, நீர் மாத்திரையைப் பின்னேரம் எடுக்கிறாளா என்று கேட்க வேண்டும். நாள்முழுதும் அரை லீற்றருக்குச் சற்று மேல்தான் போகிறது, அதுவும் கடும் மஞ்சள் என்றால் வயல் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள், எரிவுக்கு அதுவே காரணமாகலாம். இந்த நாலு பேரும் கிளினிக்கில் சொன்ன சொல் ஒன்றுதான்: அடிக்கடி சலம் போகுது. நாலு பேருக்கும் வைத்தியம் வேறு வேறு.

தண்ணீர் குடிக்காமல் அடக்கிவைக்கும் பழக்கத்துக்கு எங்கள் பகுதியில் ஒரு வரலாறும் இருக்கிறது. 2006இல் சம்பூர்ப் பகுதியிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் கட்டைபறிச்சான், கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை முகாம்களில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். இரவில் பொது மலசலகூடத்துக்குப் போக அஞ்சி, மாலைக்குப் பிறகு தண்ணீரைத் தொடாத பெண்கள் உலகின் எல்லா முகாமிலும் உண்டு. காணி திரும்பக் கிடைத்த பின்னும் பழக்கம் தொடரலாம். அதைக் கேட்டறிவதும் நோயறிதலே.

மருத்துவர் செய்து பார்ப்பவை

மூன்றாம் கட்டம் உடற்பரிசோதனை. பை நிரம்பியிருக்கும்போது பெண்ணை இருமச் சொல்லிப் பார்ப்பது மிக எளிய சோதனை. இருமிய அதே நொடியில் பீச்சினால் அழுத்தக் கசிவு. சில நொடி கழித்து நீண்டு ஓடினால் இருமல் தூண்டிய தசைச் சுருக்கம். கர்ப்பப்பை இறக்கம் இருந்தால் அதை உள்ளே தாங்கிப் பிடித்துக்கொண்டே இருமச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இறக்கம் சலவழியை மடக்கிக் கசிவை மறைத்து வைத்திருக்கலாம். இடுப்புத்தளத் தசையை இறுக்கச் சொல்லி அதன் வலுவை விரலால் அறியலாம். சலம் கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை ஸ்கான் செய்தோ குழாய் வைத்தோ அளக்கலாம். மீதம் 100 முதல் 150 மில்லிலீற்றருக்கு மேல் மறுபடி மறுபடி வந்தால் பை வெறுமையாகவில்லை. அவளுக்குச் சலப்பையைத் தளர்த்தும் மருந்தைக் கண்ணை மூடிக் கொடுத்தால் சல அடைப்பில் முடியும்.

கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட மருந்துகளைப் படிப்பதும் பரிசோதனைதான். பிரஷருக்குக் கொடுக்கும் பிரசோசின் சலவழித் தசையைத் தளர்த்திக் கசிவை உண்டாக்கும். எனலாபிரில் வறட்டு இருமலைத் தந்து கசிவைக் கூட்டும். அம்லோடிபின் கால் வீக்கத்தைத் தந்து இரவுச் சலத்தைக் கூட்டும். மருந்தை மாற்றினாலே சிலருக்கு வருத்தம் தீரும்.

பெரிய கருவிகள் பற்றிய வழக்கு

சலப்பை அழுத்தப் பரிசோதனையை யூரோடைனமிக்ஸ் என்பார்கள். சலப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், மலவாசலில் அல்லது யோனியில் இன்னொன்று. உப்புநீரால் பையை மெதுவாக நிரப்பி, பையின் அழுத்தத்திலிருந்து வயிற்றின் அழுத்தத்தைக் கழித்தால் தசையின் அழுத்தம் தெரியும். பெண்ணின் வாய்ச்சொல்லும் தசையின் நடத்தையும் எப்போதும் ஒத்துப்போவதில்லை என்ற எண்ணம் 1970கள் முதல் வலுத்து, இந்தச் சோதனை முடிவான சான்றாக மதிக்கப்பட்டது. வெட்கமும் வலியும் உள்ள சோதனை அது, சிலருக்குப் பின்பு தொற்றும் வரும். ஆகவே அதற்கு மாற்றுத் தேடினார்கள்.

ஐக்கிய இராச்சியத்தில் 22 வைத்தியசாலைகளில் 687 பெண்களைச் சேர்த்து ‘பஸ்’ ஆய்வு நடந்தது. சலப்பைச் சுவரின் தடிப்பை யோனிவழி ஸ்கானில் அளந்து தசையின் மிகைச் செயற்பாட்டைக் கண்டறியலாமா என்பதே கேள்வி. 2016இல் வந்த முடிவு, முடியாது என்பது. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. அழுத்தச் சோதனையின் முடிவுக்கு ஒத்த சிகிச்சை பெற்ற பெண்கள் கூடுதல் குணம் கண்டதாகச் சொன்னார்கள். அப்படியானால் எல்லாருக்கும் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாமா?

அதற்கு விடை காணக் குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட வேண்டும். அழுத்தக் கசிவுக்கு அந்த ஒப்பீடு முன்னமே நடந்திருந்தது. அமெரிக்காவின் ‘வால்யூ’ ஆய்வில், சிக்கலற்ற அழுத்தக் கசிவுக்குச் சத்திரசிகிச்சைக்குப் போகும் 630 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கிளினிக் பரிசோதனை மட்டும், மற்றவர்களுக்கு அழுத்தச் சோதனையும் செய்தார்கள். 2012இல் வெளியான முடிவில் ஓராண்டின் வெற்றி 77.2 விழுக்காடு, 76.9 விழுக்காடு. வித்தியாசமே இல்லை. மிகைச் செயற்பாட்டுக்கு ‘ஃபியூச்சர்’ ஆய்வு நடந்தது. முதற்கட்டச் சிகிச்சைக்கு மசியாத 1099 பெண்கள், ஐக்கிய இராச்சியத்தின் 63 வைத்தியசாலைகள். 2025இல் லான்செற் இதழில் வெளியான முடிவில், பெண்களே சொன்ன வெற்றி அழுத்தச் சோதனை செய்தவர்களில் 23.6 விழுக்காடு, செய்யாதவர்களில் 22.7 விழுக்காடு.

இந்த எண்களைச் சரியாகப் படிக்க வேண்டும். அழுத்தச் சோதனை பயனற்றது என்று இவை சொல்லவில்லை. முன்பு சத்திரசிகிச்சை செய்து பலிக்காதவர்கள், நரம்பு நோய் உள்ளவர்கள், சலம் மிஞ்சி நிற்பவர்கள், சொல்லும் கதையும் பரிசோதனையும் முரண்படுபவர்கள் ஆகியோருக்கு அது வேண்டும். கவனமாகக் கேட்டு, நாட்குறிப்பு வாங்கி, முழுதாகப் பரிசோதித்த பெண்ணுக்கு அதை வழக்கமாகச் சேர்ப்பதால் கூடுதல் குணம் கிடைக்கவில்லை என்பதே பாடம். ஒப்பிடப்பட்ட மறுபக்கம் வெறும் துண்டெழுதிக் கொடுக்கும் இரண்டு நிமிடக் கிளினிக் அல்ல, அதை மறந்துவிடக் கூடாது.

தாமதிக்கக் கூடாதவை

சில அறிகுறிகள் இருந்தால் நாட்குறிப்புக்கும் பயிற்சிக்கும் காத்திருக்கக் கூடாது. சலத்தில் கண்ணுக்குத் தெரியும் இரத்தம் தொற்றில்லாமல் வந்தாலோ, தொற்று மாறிய பின்னும் நின்றாலோ, வலி இல்லாவிட்டாலும் சலப்பையைக் கமராக் குழாயால் பார்க்க வேண்டும். பெண்களின் சலப்பைப் புற்றுநோய் ‘கிருமி’ என்று பல தடவை மருந்து கொடுக்கப்பட்டுத் தாமதமாவது உலகெங்கும் பதிவான துயரம். சலத்தில் சீழணு இருந்து வழமையான வளர்ப்பில் கிருமி வளராமல், மெலிவும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோயை நினைத்து, அடுத்தடுத்த மூன்று நாட்களின் காலைச் சலத்தை அதற்கென்று சோதிக்க வேண்டும். கர்ப்பப்பை அகற்றிய பின்போ கடினமான பிரசவத்தின் பின்போ இரவு பகல் ஓயாமல் ஒழுகினால் சலப்பைக்கும் யோனிக்கும் இடையே துளை விழுந்திருக்கலாம். நிறநீரைப் பையில் ஏற்றிப் பார்த்தால் தெரியும். காய்ச்சலோடு விலாவில் வலி, சலம் முற்றாக அடைத்தல், கால் மரத்தலோடு திடீர்க் கசிவு ஆகியவற்றுக்கு அன்றைக்கே வைத்தியசாலை. ஆறு மாதத்தில் இரண்டு, ஓராண்டில் மூன்று என்று நிரூபிக்கப்பட்ட தொற்று வந்தாலும் காரணம் தேட வேண்டும்.

ஊருக்குப் பக்கத்தில் செய்யக்கூடியது

இலங்கையின் பொதுச் சுகாதார அமைப்பு இதற்கு ஏற்ற அத்திவாரம் கொண்டது. 1996இல் தொடங்கிய சுகவனிதையர் கிளினிக்குகள் 35 வயதுப் பெண்களை முதன்மையாக நோக்கி, பிரஷர், சீனி, மார்பு, கர்ப்பப்பைக் கழுத்து ஆகியவற்றைப் பார்க்கின்றன. வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர், ஊரவர் ‘மிஸ்’ என்று உரிமையோடு அழைப்பவர், எந்தப் பெண்ணுக்கு எத்தனை பிரசவம் என்று அறிந்தவர். அவர் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்டால் போதும்: இருமும்போதோ அவசரத்திலோ சலம் சிந்துகிறதா, அது உங்களை வாட்டுகிறதா? ஆம் என்றால் தமிழ்க் கேள்வித்தாள், மூன்று நாள் நாட்குறிப்பு, காலைச் சலத்தில் பட்டிச் சோதனை. இவற்றோடு மூதூருக்குப் போகும் பெண் பாதி நோயறிதலைக் கையில் கொண்டுபோகிறாள். அங்கே தாழ்ப்பாளும் வெளிச்சமும் உள்ள மலசலகூடம் ஒன்று, சலப் போத்தலை உடனே வைக்கக் குளிர்ப்பெட்டி, மீதச் சலம் பார்க்க ஸ்கான், திரை போட்ட பரிசோதனைக் கட்டில், இயன்றவரை பெண் மருத்துவரோ தாதியோ. திருகோணமலைக்கும் அதற்கு அப்பாலும் அனுப்ப வேண்டியவர்கள் மேலே சொன்ன ஆபத்து அறிகுறி உள்ளவர்களும் முதற்கட்டச் சிகிச்சை பலிக்காதவர்களும் மட்டுமே.

எங்கள் பகுதிக்கென்று எண்களும் வேண்டும். இலங்கையில் வயதுவந்தோரில் 10.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று 2008இல் சொன்ன பெரிய ஆய்வில், போர் காரணமாக வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவில்லை. சலக் கோளாறுகளிலும் அப்படி விடுபட்டுப் போகக் கூடாது. தமிழ்க் கேள்வித்தாளை மூதூர்ப் பிரிவின் கிளினிக்குகளில் ஓராண்டு பயன்படுத்திப் பதிந்தாலே, எத்தனை பெண்கள் என்ன வருத்தத்தோடு வாய் மூடி இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இடுப்புத்தளப் பயிற்சிக்கு மூன்று மாதம், சலப்பைப் பயிற்சிக்கு ஆறு வாரம். செலவு மிகக் குறைவு, பலருக்குப் பலன் உண்டு. சரியான நோய்க்குச் சரியான பயிற்சி போய்ச் சேர வேண்டும் என்பதே நிபந்தனை. அதற்கு முதலில் அவளிடம் கேட்க வேண்டும். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்கவும் வேண்டும்.